கத்தி, தோல், பதம் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஓராண்டாகத் தோலில் பர்ஸ், பெல்ட், நோட்டு உறை எல்லாம் கையால் தைத்து வருகிறேன். தையல் ஓரளவு கைக்குப் படிந்துவிட்டது. இப்போது தோலின் மேல் பூவும் கொடியும் செதுக்க ஆசை வந்திருக்கிறது. விரல்களால் அலகைத் திருப்பக்கூடிய ஸ்விவல் கத்தி ஒன்றும், தோலில் வைத்து அடித்துப் பதிக்கும் மூன்று அச்சுகளும் வாங்கினேன். கத்தி நேர்கோட்டில் போகிறது, வளைவில் இழுபடுகிறது. கீறலின் ஓரம் பிசிறு பிசிறாக நிற்கிறது. அச்சு அடித்தால் அப்போது நன்றாகத் தெரிகிறது, இரண்டு நாளில் மங்கிவிடுகிறது. இருபது அச்சுகள் கொண்ட பெட்டி ஒன்றை வாங்கலாம் என்று நினைக்கிறேன். என் கையில் குறையா, கருவியில் குறையா? எதை முதலில் வாங்க வேண்டும்?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

பெட்டியை இப்போது வாங்காதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு தொல்லைகளில் ஒன்றைக்கூட அந்த இருபது அச்சுகள் தீர்க்கப் போவதில்லை. ஒன்று கத்தியின் முனையில் இருக்கிறது, மற்றது தோலில் இருக்கிறது.

செதுக்குவது என்ற சொல்லைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு யோசியுங்கள். மரத்தில் செதுக்கினால் சிராய் விழும், கல்லில் செதுக்கினால் சில்லு தெறிக்கும். தோலில் ஒரு துகள்கூட விழாது. கத்தி தோலின் முகத்தை, அதாவது வழவழப்பான மேல்பக்கத்தைக் கீறித் திறக்கிறது, அவ்வளவுதான். அப்புறம் அந்தக் கீறலின் ஒரு பக்கத்தை அச்சால் அமுக்குகிறோம். அமுங்கிய பக்கம் பள்ளமாகிறது, அமுக்காத பக்கம் மேடாகி இதழாகவும் இலையாகவும் தெரிகிறது. ஆகவே இந்த வேலை முழுக்க ஒரே கேள்வியில் நிற்கிறது: அமுக்கிய இடம் அமுங்கியபடியே இருக்குமா?

உங்கள் அச்சு மங்குவதற்கு முதல் சந்தேகம் தோலின் மேல்தான். பர்ஸுக்கும் பைக்கும் கிடைக்கும் மென்மையான தோல் பெரும்பாலும் குரோம் உப்பில் பதனிட்டது. அது நீரில் நனைந்தாலும் ரப்பர் போல எழும்பிப் பழைய நிலைக்கு வந்துவிடும். அச்சு வேலைக்கு மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் வேண்டும், கடைகளில் வெஜ் டேன் என்று கேட்டால் தருவார்கள். அதிலும் மேலே பூச்சோ மெழுகோ எண்ணெயோ ஏற்றாததாக இருக்க வேண்டும். வீட்டிலேயே சோதிக்கலாம். முகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உருண்டு நின்றால் அந்தத் தோல் ஆகாது. உறிஞ்சிக் கருத்தால், அந்த இடத்தில் நகத்தை அழுத்தி எடுங்கள். நகக்குறி அப்படியே நின்றால் அதுதான் நீங்கள் தேடும் தோல். வெட்டிய ஓரத்தையும் பாருங்கள். சாயமேற்றாத குரோம் தோலின் நடுவில் நீலச்சாம்பல் நிறம் தெரியும், பட்டைச்சாற்றுத் தோல் ஓரம் முழுக்க ஒரே பழுப்பாக இருக்கும். பழகுவதற்கு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் வைத்துக்கொள்ளுங்கள். தோல் வியாபாரத்தில் தடிமனை அவுன்ஸில் சொல்வார்கள். ஒரு அவுன்ஸ் என்றால் அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு, ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர். எட்டு அவுன்ஸ் தோல் கேட்டால் சரியாக இருக்கும்.

தோல் சரியானதுதான் என்றால், அடுத்த சந்தேகம் பதம், அதாவது தோலில் இருக்க வேண்டிய ஈரத்தின் அளவு. இதைத்தான் நான் எழுத்தில் சொல்லிப் புரியவைக்க ரொம்பவும் சிரமப்படுகிறேன், ஏனென்றால் இது கையும் கன்னமும் சொல்லித் தரும் விஷயம். பஞ்சால் தோலைச் சீராக நனையுங்கள். கருத்துவிடும். உடனே வெட்டாதீர்கள். முகத்தின் நிறம் மெல்லத் திரும்பி, உலர்ந்த தோலின் நிறத்தை ஏறக்குறைய எட்டும்வரை காத்திருங்கள். அப்போது தோலைக் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும். மேலே உலர்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கிறது, அது ஆவியாவதால்தான் அந்தக் குளிர்ச்சி. அந்த நேரத்தில் அச்சு அடித்தால் அமுங்கிய இடம் கருத்த பழுப்பாகப் பளபளக்கும். அந்த நிறம் வந்தால் பதம் சரி. அச்சைச் சுற்றி நீர் கசிந்தாலோ, களிமண்ணில் அடித்தது போல் தோல் குழைந்தாலோ ஈரம் அதிகம், அந்தக் குறி காயும்போது எழும்பி மங்கிவிடும். நீங்கள் சொல்லும் இரண்டு நாள் மங்கல் இப்படித்தான் வரும். பெரிய வேலை என்றால் முந்தின இரவே நனைத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்துவிடுவேன். ஈரம் தோலுக்குள் சமமாகப் பரவி, காலையில் வெட்டுவதற்கு வெண்ணெய் போல வந்து நிற்கும்.

சரி, கத்திக்கு வருவோம். அதிக நேரம் இதில் செலவிடுகிறேன் என்று நினைக்க வேண்டாம், பூ அழகாக வருவதும் வராததும் பாதிக்கு மேல் இங்கேதான் முடிவாகிறது.

கடையில் வாங்கிய புதுக் கத்தியின் முனை பெரும்பாலும் சாணை பிடித்ததோடு நிற்கும். மெருகேற்றியிருக்காது. பார்த்தால் கூர்மையாகத் தெரியும், உற்றுப் பார்த்தால் சாணைக் கோடுகள் அப்படியே இருக்கும். அந்தக் கோடுகள்தான் வளைவில் தோலைப் பிடித்து இழுக்கின்றன. நாவிதர் சவரக்கத்தியை வாரில் தீட்டுவாரே, அதே வேலையை இங்கும் செய்ய வேண்டும். ஒரு பலகையில் தோல் துண்டையோ தடித்த அட்டையையோ ஒட்டி, மெருகுக் கட்டியைத் தேய்த்துக்கொள்ளுங்கள். முனையின் சரிவுப் பக்கம் முழுவதும் வாரில் படும்படி வைத்து, உங்கள் பக்கமாக மட்டும் இழுங்கள். முன்னால் தள்ளினால் வாரை வெட்டும். இழுத்து முடிக்கும் இடத்தில் கத்தியைத் தூக்கித் திருப்பாதீர்கள், முனை மழுங்கி உருண்டுவிடும். இரண்டு பக்கமும் கண்ணாடி போலப் பளபளக்கும் வரை தீட்டுங்கள். முதல் முறை அரை மணி நேரம் ஆகலாம். அதற்கப்புறம் வெட்டும்போது எப்போது இழுவை தெரிகிறதோ அப்போதெல்லாம் பத்து இழுப்பு போதும். நான் வேலை செய்யும்போது வார் பலகை வலது கைப்பக்கமே இருக்கும்.

கத்தி தேர்வு செய்யும்போது அலகைவிடக் கைப்பிடியைக் கவனியுங்கள். ஆள்காட்டி விரல் மேலே உள்ள வளைந்த பிடியில் அமர வேண்டும், கட்டைவிரலும் நடுவிரலும் அலகைத் தாங்கும் உருளையைத் திருப்ப வேண்டும். பிடி ரொம்ப உயரமாக இருந்தால் விரல் நீண்டு நின்று மணிக்கட்டு வலிக்கும், தாழ்ந்திருந்தால் விரல்கள் நெருக்கிக்கொண்டு உருளையைத் திருப்ப முடியாது. உயரம் மாற்றக்கூடிய பிடியாக வாங்கினால் இந்தக் கவலை இல்லை. உருளையின் தடிமனும் கைக்குக் கை மாறும். அலகில் 6 மில்லிமீட்டர் ஒன்று, 9 அல்லது 10 மில்லிமீட்டர் ஒன்று என இரண்டு போதும். சின்னது இறுக்கமான வளைவுகளுக்கு, பெரியது நீண்ட கோடுகளுக்கு. செராமிக் அலகு இழுவையில்லாமல் போகும். ஆனால் தவறிக் கீழே விழுந்தால் முனை தெறித்துவிடும், ஆகவே முதல் கத்தியாக அதை வாங்க வேண்டாம்.

வெட்டும்போது கத்தியை முன்பக்கம் சாய்த்து, அலகின் ஒரு மூலை மட்டும் தோலில் இறங்கும்படி வைத்து, உங்களை நோக்கி இழுங்கள். இடது வலதாகச் சாயக் கூடாது, சாய்ந்தால் கீறலின் ஒரு பக்கம் அடியில் குடைந்துகொண்டு போகும், அப்புறம் அந்தப் பக்கத்தை அமுக்கினால் உதடு போலத் தூக்கும். ஆழம் தோலின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு, அதிகம் போனால் பாதி. வளைவு வந்தால் கையோடு தோலையும் திருப்பிக்கொள்ளுங்கள். கோடு முடியும் இடத்தில் அழுத்தத்தை மெல்லக் குறைத்து, கத்தி தானாக மேலே வரட்டும். முன்னால் இருக்கும் பூவை முதலில் வெட்டி, பின்னால் போகும் இலையின் கோட்டைப் பூவின் கோட்டில் தொட்டு நிறுத்துங்கள். ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போன கோட்டை எந்த அச்சாலும் மறைக்க முடியாது.

அச்சுகளில் முதலில் வாங்க வேண்டியது சரிவு அச்சு, பெவலர் என்பது. கீறலின் ஒரு பக்கத்தை அமுக்குவது அதுதான். அமுக்கும் முகம் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். தடித்த விளிம்பைக் கீறலுக்குள் வைத்து, மெலிந்த பக்கம் பூவுக்கு வெளியே போகும்படி அடிக்க வேண்டும். தோலில் இறுக்கி ஊன்றாமல், லேசாகத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு அடிக்கும் அச்சின் அகலத்தில் பாதிகூடப் போகாமல் நகர்த்துங்கள். மாடிப்படி போலத் தட்டுத் தட்டாக வந்தால் அதிகம் நகர்த்துகிறீர்கள் என்று அர்த்தம். இதற்குப் பழக இரண்டு வாரம் கொடுங்கள். ஒரு வட்டத்தை வெட்டி, உள்ளேயும் வெளியேயும் மாற்றி மாற்றிச் சரிவு போட்டுப் பாருங்கள். வழவழப்பான முகம் ஒன்று, சின்னக் கட்டங்கள் பதிக்கும் முகம் ஒன்று வாங்கலாம்.

அதற்கு மேல் பேரிக்காய் வடிவ நிழல் அச்சு ஒன்று, இதழின் நடுவைக் குழிவாக்க. நரம்பு அச்சு ஒன்று, இலைக்கு. விதை அச்சு ஒன்று, பூவின் நடுவுக்கு. அதை மெல்லத்தான் தட்ட வேண்டும், ஓங்கி அடித்தால் தோலில் வட்டமாகத் துண்டு வெட்டிவிடும். பின்னணியை அமுக்க ஒன்று. ஆறு ஏழு அச்சுகளில் ஒரு பெல்ட் முழுக்கப் பூ வரையலாம். உங்களை ஈர்த்த வடிவம் ஷெரிடன் பாணியாக இருந்தால் மட்டும் ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவின் வயோமிங்கில் ஷெரிடன் ஊரில் சேணம் செய்த டான் கிங் வளர்த்த பாணி அது. சின்னப் பூக்கள், வட்டம் வட்டமாகச் சுற்றும் தண்டுகள், நடுவில் மிகக் குறுகிய இடைவெளி. அங்கே அகலமான பின்னணி அச்சு நுழையவே முடியாது, அதற்கென்று குறுகியதாக வாங்க வேண்டியிருக்கும்.

மலிவான அச்சுகளில் குறை எங்கே தெரியும் என்றால், முகத்தில். லென்ஸ் வைத்துப் பாருங்கள். கோடுகள் தெளிவாக இருக்கின்றனவா, முலாம் கொப்பளித்திருக்கிறதா, விளிம்பு கத்தி மாதிரி கூராக இருக்கிறதா என்று. கூரான விளிம்பு தோலை வெட்டிவிடும், அதை மட்டும் 600 எண் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மழுக்கி, வாரில் மெருகேற்றிக்கொள்ளலாம். சின்னப் பின்னணி அச்சுகளைத் தடித்த ஆணியின் தலையை அரத்தால் ராவியே செய்துகொள்ளலாம், நானும் அப்படித்தான் பல செய்தேன்.

அதில் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒரு மாலை ஆணியை ராவிவிட்டு மேசையைத் துணியால் துடைத்தேன். மறுநாள் அதே மேசையில் நனைத்த தோலை விரித்து மூன்று மணி நேரம் வெட்டினேன். மறுநாள் காலையில் பூவின் மேலெல்லாம் கரும்புள்ளிகள். கண்ணுக்குத் தெரியாத இரும்புத் தூள், பட்டைச்சாற்றிலிருந்து தோலில் ஏறிய டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து மை ஆகிவிட்டது. பழைய காலத்து எழுத்து மையே இந்தச் சேர்க்கையில்தான் செய்யப்பட்டது. எலுமிச்சைச் சாறு தொட்டால் மங்கலாகும், முழுதாகப் போகாது, அதையும் பின்னர் நீரால் துடைத்துவிட வேண்டும். அன்றிலிருந்து ராவுவது வேறு அறையில். முலாம் போன அச்சு, துருப்பிடித்த கத்தி எதுவும் ஈரத் தோலின் அருகே வருவதில்லை.

அடிக்கச் சுத்தியல் வேண்டாம், இரும்பில் இரும்பு அடித்தால் அச்சின் தலை காளான் போல விரிந்துவிடும். பச்சைத் தோல் (பதனிடாத தோல்) அல்லது நைலான் கொட்டாப்புளி, முந்நூறு நானூறு கிராம் இருந்தால் போதும். அடியில் கருங்கல்லோ பளிங்கோ, ஐந்து சென்டிமீட்டர் கனம் இருந்தால் நல்லது. மேசைப் பலகையில் அடித்தால் அடியின் பாதி வீச்சைப் பலகையே வாங்கிக்கொள்ளும். மெல்லிய தோலில் அடிக்கும்போது பின்பக்கம் ஒட்டும் டேப் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் தோல் விரிந்து தையல் துளைகள் பொருந்தாமல் போகும்.

உங்கள் கையில் குறை இருப்பதாகக் கடிதத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. இன்று கத்தியைத் தீட்டுங்கள். நகக்குறி நிற்கும் தோலில் ஒரு வட்டம், அதைத் தொட்டு நிற்கும் ஓர் இலை, இவ்வளவு மட்டும் வெட்டுங்கள். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். கீறல் எப்படி விழுந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, எந்த அகலத்தில் சரிவு அச்சு வாங்கலாம் என்று எழுதுகிறேன்.

அன்புடன்.