அந்தச் சேலையை ஏன் மாற்றச் சொன்னாய்?

கேள்வி: ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மூன்றாம் வருடம் படிக்கிறேன். ஊர், தென்கடல் ஓரத்தில் ஒரு கிராமம். மக்கள் தொடர்பு பாடத்துக்காக, ஏதாவது ஒரு நல்ல காரியத்துக்கு நிதி திரட்டி, அதைப் பத்திரிகை, டிவி வரை கொண்டுபோக வேண்டும் என்று ப்ராஜெக்ட் கொடுத்தார்கள். எங்கள் ஊர் மாலை டியூஷன் கொட்டகைக்குக் கூரை போட 1,50,000 ரூபாய் என்று இலக்கு வைத்தேன். செய்திக்குறிப்பு எழுதினேன், நிருபர்களைப் பார்த்தேன், பண்பலையில் பேசினேன். ஒரு டிவியிலிருந்து வந்து என்னையும், கடல்பாசி எடுக்கப் போகும் என் சித்தியையும் பேட்டி எடுத்தார்கள். சித்தப்பா (அப்பாவின் கூடப்பிறந்த தம்பி) கடலில் தவறிவிட்டார். சித்தி நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்துவிட்டதால், அதை மாற்றி, பாசிக்குப் போகும் பழைய சேலையில் வரச் சொன்னேன். பேட்டி அருமையாக வந்தது. என் தம்பியின் ஜிபே கணக்குக்கு 1,87,000 ரூபாய் வந்தது. வகுப்பில் எனக்குத்தான் முதல் மதிப்பெண். சென்னைக்குப் போய் இதையே மேலே படிக்க ஆசை. அப்பா, "நம்ம சோகத்தை ஊருக்குக் காட்டிக் காசு வாங்கினது போதும், பி.எட். படி" என்கிறார். சித்தியும் இரண்டு மாதமாக வீட்டுக்கு வருவதில்லை. முன்பின் தெரியாத எத்தனையோ பேரைப் பேசிச் சம்மதிக்க வைத்தேன். அப்பாவை மட்டும் முடியவில்லை. அவரிடம் எப்படிப் பேசுவது?

(கடிதம் நீளமானது, சுருக்கியிருக்கிறேன். ஊர்ப் பெயரையும் டிவியின் பெயரையும் நானே எடுத்துவிட்டேன்.)

பதில்: மகளே, "அப்பா படிக்க விடமாட்டேன் என்கிறார்" என்று இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களை அடுக்கினால் ஒரு பீரோ நிறையும். அவற்றுக்கு நான் என்ன பதில் எழுதுவேன் என்பது உனக்கே தெரியும். திறமைசாலிப் பெண், தைரியமாக இரு, அப்பா மனம் மாறுவார் என்று எழுதுவேன். அதை எதிர்பார்த்துத்தான் எழுதியிருக்கிறாய். இந்த முறை அதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

உன் கடிதம் நாலு பக்கம். மூன்றாம் பக்கத்தில், இரண்டு பெரிய விஷயங்களுக்கு நடுவே, போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். சித்தி நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்துவிட்டார், மாற்றச் சொன்னேன் என்று. "வந்துவிட்டதால்" என்று எழுதியிருக்கிறாய், அவர் ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல. அங்கேயே நான் நின்றுவிட்டேன். மீதிக் கடிதத்தைப் பிறகுதான் படித்தேன்.

அந்தச் சேலையை ஏன் மாற்றச் சொன்னாய்?

ஏன் என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நல்ல சேலை கட்டியவளைப் பார்த்து யாருக்கும் இரக்கம் வராது என்று கணக்குப் போட்டாய். கணக்குப் பலித்தது, இலக்கைவிட 37,000 ரூபாய் கூடவே வந்தது. ஆனால் அன்று காலை சித்தி என்ன கணக்கில் அந்தச் சேலையை எடுத்தார் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தாயா? புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, மூச்சை அடக்கிப் பாசி எடுத்துப் பிள்ளைகளை வளர்க்கிற ஒரு பெண். அவரை உலகமே பார்க்கப்போகிறது என்று நீ சொல்லியிருக்கிறாய். பெட்டியைத் திறந்து இருப்பதில் நல்லதை எடுத்து, மடிப்புக் கலையாமல் கட்டிக்கொண்டு வந்து நின்றார். 'நானும் ஒரு மனுஷி, என்னை இப்படிப் பாருங்கள்' என்று அவர் சொல்ல வந்தார். வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே நீ அதை அழித்துவிட்டாய்.

இன்னொன்றையும் கவனித்தேன். நிருபர் கேட்ட கேள்விகள், நீ சொன்ன பதில்கள், எத்தனை நிமிடம் ஓடியது, எத்தனை பேர் பகிர்ந்தார்கள், எல்லாம் கடிதத்தில் இருக்கிறது. சித்தி பேசியதில் ஒரு வாக்கியம்கூட இல்லை. நாலு பக்கத்தில் ஒன்றுகூட இல்லை.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது எங்கள் பக்கம் புயலடித்து ஓய்ந்த பிறகு அரிசி கொடுக்க ஒரு குழு வந்தது. வரிசையில் அம்மாவின் முறை வந்தபோது, படம் எடுக்கிறவர் அம்மா கையில் இருந்த கண்ணாடி வளையலைக் கழற்றச் சொன்னார். வளையல் போட்ட கை அரிசி வாங்குவது படத்தில் நன்றாக இருக்காதாம். பக்கத்தில் நான் இருந்தேன். அம்மா கழற்றி என்னிடம் கொடுத்தார், அரிசியை வாங்கினார், வீட்டுக்கு வந்து உலை வைத்தார். அந்த வளையலை மறுபடி அவர் போட்டு நான் பார்த்ததில்லை. அரிசி கொடுத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. எங்களுக்கு அன்றைக்குச் சோறு வேண்டியிருந்தது, அவர்கள் போட்டார்கள். வளையலைக் கழற்றச் சொன்னது மட்டும் இன்றுவரை எனக்கு ஆறவில்லை. அதைச் சொன்னவர் யாரோ ஒரு வெளியாள், மகளே. உன் சித்தியிடம் சொன்னது அவர் தூக்கி வளர்த்த பிள்ளை.

நீ மேலே படிக்க நினைக்கிற தொழிலைப் பற்றியும் பேசுவோம், ஏனென்றால் அதை நீ பாதிதான் கற்றிருக்கிறாய். 1906 அக்டோபர் 28 அன்று அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி அருகே ஒரு ரயில் பாலத்திலிருந்து தண்ணீரில் விழுந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கப்பலுக்கு வழிவிடத் திறக்கிற பாலம், நம் பாம்பன் பாலத்தைப்போல. அந்தக் காலத்து ரயில் கம்பெனிகளுக்கு விபத்தை மூடி மறைப்பதுதான் வழக்கம். அந்தக் கம்பெனிக்கு வேலை பார்த்த ஐவி லீ என்பவர், நடந்ததை எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார், நிருபர்களை அந்த இடத்துக்கே வரவழைத்துக் காட்டினார். உலகத்தின் முதல் செய்திக்குறிப்பு என்று பலரும் சொல்வது அதைத்தான். உன் பாடத்திலும் வந்திருக்கும். இருப்பதை இருக்கிறபடி காட்டியதால் அவருக்கு அன்று பெயர் வந்தது.

அதே ஆள், 1914இல் கொலராடோவில் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, அவர்களுடைய கூடாரங்களில் பெண்களும் குழந்தைகளும் செத்த பிறகு, முதலாளிகளுக்காகத் தப்பும் தவறுமான அறிக்கைகளை அனுப்பினார். 'விஷ ஐவி' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. ஐவி என்பது ஒரு கொடியின் பெயர், அதில் விஷக்கொடியும் உண்டு. ஒரே மனிதர், ஒரே தொழில், நடுவில் எட்டே வருடம். முதல் செய்திக்குறிப்பு எழுதும்போதே இந்த இரண்டு பக்கமும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, அந்தச் சேலையோடே சித்தியைப் பேசவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பணம் வந்திருக்காது என்கிறாயா? நான் நம்பமாட்டேன். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்து முங்கிப் பாறையிலிருந்து பாசியைப் பிய்த்து எடுப்பது எப்படி என்று அவர் சொல்லியிருப்பார். மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து, ஜெல்லி செய்ய உதவும் அகர் எடுக்கிறார்கள் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? தாய், பாட்டி காலத்திலிருந்து போய்வந்த தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவுக்குள் வந்த பிறகு, பாசி எடுக்கப் போகிறவர்கள் வனத்துறைக்குப் பயந்து பயந்து போக வேண்டியிருப்பதைச் சொல்லியிருப்பார். பிள்ளைகள் சாயங்காலம் உட்கார்ந்து படிக்க ஒரு கூரை ஏன் வேண்டும் என்பதையும் சொல்லியிருப்பார், ஏனென்றால் அவர் திரும்பி வரும்வரை அந்தப் பிள்ளைகள் இருக்கிற இடம் அந்தக் கொட்டகைதான். இதைக் கேட்கிறவன் உழைக்கிற பெண்ணுக்குத் தோள் கொடுப்பதாக நினைத்துக் கொடுப்பான். நீ செய்ததில், பாவப்பட்டவளுக்குப் பிச்சை போட்டதாக நினைத்துக் கொடுத்திருக்கிறான். வாங்கின வீட்டில் அந்த வித்தியாசம் வருடக்கணக்கில் இருக்கும்.

உன் கரையிலேயே ஆள் இருக்கிறார். சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி, பாசி எடுக்கும் பெண்களின் தலைவி. 2015இல் தீவுகளைக் காக்கிறவர்களுக்குக் கொடுக்கும் சீகாலஜி விருதை வாங்கியவர். ஒரு பாசிக்காரப் பெண் பேசினால் உலகம் கேட்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நம் கரைக்குக் கேமரா புதிதில்லை. படகையும் ஆளையும் இலங்கைக் கடற்படை பிடித்துப்போன ஒவ்வொரு முறையும் மைக்கோடு வருகிறார்கள். டிசம்பர் வந்தால் 1964 புயலைப் பற்றிப் பேச தனுஷ்கோடிக்கு வருகிறார்கள். அழுகிற பெண்களின் முகத்தைத்தான் முதலில் தேடுகிறார்கள். அவர்களுக்கு நேரம் இல்லை, அந்த ஊரும் அவர்கள் ஊர் இல்லை. உனக்கு இரண்டும் இருந்தது. இந்தக் கரையிலிருந்து ஒரு பெண் இந்தத் தொழிலுக்கு வருகிறாள் என்றால் அவள் அந்த மைக்குக்கும் நம் பெண்களுக்கும் நடுவில் நிற்பாள் என்று நான் நினைப்பேன். நீ மைக் பக்கம் போய் நின்றுகொண்டாய்.

உன் அப்பாவுக்கும் ஒரு வார்த்தை. இதை அவருக்கு வாசித்துக் காட்டு. ஐயா, உங்கள் கோபத்தில் பாதி நியாயம். ஆனால் நீங்கள் கோபப்பட்டது ஊர் என்ன சொல்லும் என்பதற்கு. அந்தப் பெண் உங்கள் கூடப்பிறந்த தம்பி விட்டுப்போன குடும்பம். அவர் இரண்டு மாதமாக உங்கள் வாசலை மிதிக்கவில்லை. இந்த இரண்டு மாதத்தில் ஒரு தடவையாவது அவர் வாசலுக்கு நீங்கள் போனீர்களா? தம்பி இல்லாத வீட்டுக்கு அண்ணன்தான் முதலில் போக வேண்டும். பி.எட். பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

இனி நீ செய்ய வேண்டியது. பணத்தை முதலில் முடித்துவிடு, அது சுலபம். ஊர்த் திருவிழாவுக்கு வசூல் செய்தால் யார் எவ்வளவு தந்தார்கள், பந்தலுக்கு எவ்வளவு, ரேடியோ செட்டுக்கு எவ்வளவு என்று எழுதி ஒட்டுகிறார்கள் இல்லையா? அதேபோல வரவையும் செலவையும் கொட்டகைச் சுவரில் ஒட்டு. தகரம் வாங்கிய பில்லையும் சேர்த்து ஒட்டு. தம்பியின் சொந்தக் கணக்கில் ஊர்ப் பணம் ஒரு நாள்கூடக் கிடக்கக் கூடாது. ஊர்ப் பெரியவர் ஒருவரும் டியூஷன் எடுக்கிற டீச்சரும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிற கணக்குக்கு மாற்று. யாராவது வருமான வரிச் சலுகைக்காக 80ஜி ரசீது கேட்டால், அனுமதி பெற்ற அமைப்புதான் தர முடியும், உன்னால் முடியாது என்று நேராகச் சொல்லிவிடு. கூடுதலாக வந்த 37,000 ரூபாயைப் பெஞ்சுக்கோ விளக்குக்கோ நீயாகச் செலவழிக்காதே. கொடுத்தவர்களிடம் கேட்டுச் செய்.

அப்புறம் அந்தப் பேட்டி. அது இன்னும் யூடியூபில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய், அதுவும் பெருமையாக. சித்தி அதைப் பார்த்தாரா? அவர் மகள் பத்தாம் வகுப்பு, வகுப்பில் எல்லார் கையிலும் போன். அந்தப் பெண்ணிடம் பள்ளிக்கூடத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று உனக்குத் தெரியுமா? சித்தி வேண்டாம் என்றால் அந்த டிவிக்குப் போன் போட்டு எடுக்கச் சொல். தயங்குவார்கள். ஒருவருடைய படம் அவர் சம்மதத்தோடுதான் வர வேண்டும் என்று மறுபடி மறுபடி கேள். செய்தி போடச் சொல்லி எத்தனை தடவை போன் போட்டாய்? அதில் பாதித் தடவை போதும். இனிமேல் யாரை மைக் முன்னால் நிறுத்தினாலும், எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் இருக்கலாம், பாதியில் எழுந்து போகலாம் என்று மைக் வருவதற்கு முன்பே சொல்லிவிடு. இதை வெளியிட வேண்டாம் என்பதையும் முன்னாலேயே சொல்ல வேண்டும். பேசி முடித்த பிறகு சொன்னால் நிருபருக்கு அது கட்டாயமில்லை.

சென்னை? போ. இது மானமுள்ள தொழில்தான், நம் கரைக்கு இந்தப் படிப்பு வேண்டும். ஆனால் அப்பாவைப் பேசிச் சம்மதிக்க வைக்கிற வித்தையை நான் சொல்லித் தரமாட்டேன். சித்தி உன்னோடு பழையபடி பேச ஆரம்பித்த பிறகு நீ கேள். அதற்கு முன்னால் கேட்காதே.

சித்தி வீட்டுக்கு நாளைக்கே போ. பலகாரம் வாங்கிக்கொண்டு போகாதே, போனையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ. பாசிக்குப் போய்த் திரும்புகிற நேரமாகப் பார். பாசியை உலர்த்திக்கொண்டிருந்தால் நீயும் குனிந்து பரப்பு. அவர் திட்டினால் கேட்டுக்கொள், ஒரு விளக்கமும் சொல்லாதே. பேசாமலே இருந்தால் மறுநாளும் போ. அவர் பேச ஆரம்பித்ததும், அன்றைக்கு டிவியில் என்ன சொல்ல நினைத்தீர்கள் என்று கேள். முழுவதையும் கேள்.

உன் கடிதத்தை மூன்று முறை தேடிப் பார்த்துவிட்டேன், சித்தி முதலில் கட்டிக்கொண்டு வந்த அந்தச் சேலை என்ன நிறம் என்று எங்கேயும் இல்லை. நினைவிருந்தால் எனக்கு எழுது. நினைவில்லை என்றால் அதையும் அவரிடமே கேள்.