ஆச்சியும் ஆஜியும்

சொந்தபந்தங்கள் யாரும் பக்கத்தில் இல்லாத ஊரில், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போய்க்கொண்டே கைக்குழந்தையை வளர்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். மும்பை முலுண்டில் நான்கு ஆண்டுகளாக எங்கள் மகனை அப்படித்தான் வளர்த்து வருகிறோம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை நாள் பயணம். நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டக் குழந்தை பிறப்பதற்கு முன்பே பழகிக்கொள்ளுங்கள். நான் அதைத் தாமதமாகத்தான் கற்றேன்.

2017-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் எனக்குச் சம்பளத்துடன் 26 வாரப் பேறுகால விடுப்பு கிடைத்தது. பிரசவத்துக்கு முன் இரண்டு வாரம் எடுத்துவிட்டதால், மகனுக்கு ஐந்தரை மாதம் ஆனபோது நான் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றும் அதே திருத்தம் சொன்னது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் என் அலுவலகம் தென்மும்பையில் இருக்கிறது. காலை நேர லோக்கல் ரயிலில் பெண்கள் பெட்டியில் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நெரிசலில் நிற்கும் நான், அதற்குள் ஒரு கைக்குழந்தையைக் கொண்டுபோவதை நினைத்தும் பார்க்க முடியவில்லை. ஆகவே காப்பகத்தைத் தேடினால் வீட்டருகில் தேடுங்கள். இங்கே மராத்தியில் 'பாள்ணாகர்' என்பார்கள். தொட்டில் வீடு என்று பொருள். பெரும்பாலும் ஓர் அம்மையார் தம் வீட்டிலேயே நான்கைந்து குழந்தைகளை வைத்துப் பார்த்துக்கொள்வார். முன்னறிவிப்பு இல்லாமல் இரண்டு மூன்று முறை, குறிப்பாகப் பிற்பகலில், போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அம்மாவை வரவழைத்துக்கொள்ளலாமே என்று பலரும் சொல்வார்கள். என் அம்மாவும் வந்து மூன்று மாதம் இருந்தார். குழந்தையைக் குளிப்பாட்டுவது, சாம்பிராணிப் புகை காட்டுவது, கஞ்சி காய்ச்சுவது எல்லாம் அவர் கையால் நடந்தபோது எனக்கு உலகமே இலேசாயிற்று. ஆனால் தினமும் மாலை நான்கு மணிக்கு அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கீழே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கவனித்தேன். ஊரில் அது தெருப் பெண்கள் திண்ணையில் கூடிப் பூக் கட்டும் நேரம். "பேச்சுத் துணைக்கு ஒரு ஆளு இல்லியேம்மா" என்று ஒரே ஒரு நாள்தான் சொன்னார். அங்கே அப்பா சர்க்கரை நோயோடு தனியாக ஓட்டல் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நம் வசதிக்காக இரண்டு முதியவர்களைப் பிரித்து வைப்பது சரியில்லை என்று எங்களுக்குத் தோன்றியதால், மகனுக்கு ஆறு மாதம் முடிந்ததும் அவரை ஊருக்கு அனுப்பிவிட்டோம். இன்றும் அந்த முடிவு சரியென்றே நினைக்கிறேன்.

அடுத்த மாதமே சோதனை வந்தது. கணவர் நாக்பூருக்குச் சென்றிருந்த ஓர் இரவு, இரண்டு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் 103 டிகிரி. அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் அழுதார், வேறென்ன செய்வார்? எதிர் வீட்டு அம்மையாரை அதுவரை லிஃப்டில் பார்த்துப் புன்னகைத்ததோடு சரி. அழைப்பு மணியில் விரலை வைத்துக்கொண்டு, இந்நேரத்தில் எழுப்புவதா என்று அழுத்தாமல் நின்றேன். அந்தச் சில நிமிடங்களை என்னால் மறக்க முடியவில்லை. கடைசியில் அழுத்தினேன். கதவைத் திறந்தவர் ஒரு கேள்வியும் கேட்காமல் குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். "கால் சில்லென்று இருக்கிறது, சூடு இன்னும் ஏறும்" என்று இந்தியில் சொல்லியபடியே, நான் போர்த்தியிருந்த கம்பளிச் சட்டையையும் குல்லாவையும் கழற்றினார். அதற்குள் அவருடைய மகன் கார்ச் சாவியோடு நின்றிருந்தார். மருத்துவமனையில் பார்த்துவிட்டுச் சாதாரண வைரஸ் காய்ச்சல்தான் என்றார்கள்.

அன்றிலிருந்து வீட்டின் மாற்றுச் சாவி ஒன்று அவரிடம் இருக்கிறது. மழைக்காலத்தில் ரயில்கள் நின்றுபோகும் நாட்களில் பாள்ணாகரிலிருந்து மகனை அழைத்துவருவதும் அவர்தான். அவருடைய சில முறைகள் எனக்கு உடன்பாடில்லை. குழந்தைக்குச் சர்க்கரை கலந்த பால் கொடுப்பார். உயிருக்கு ஆபத்தில்லாத விஷயங்களில் வாய் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். உதவி செய்பவரைத் திருத்திக்கொண்டே இருந்தால் உறவு நிலைக்காது.

ஊர் உறவும் விட்டுப்போகக் கூடாது. 18 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்று சொன்ன அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம்கூட வீடியோ அழைப்புக்கு விலக்கு அளித்தது. தினமும் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அம்மாவை அழைத்துவிடுவோம்; அவர் அங்கே கதை சொல்ல, இவன் இங்கே சாப்பிடுவான்.

எங்கள் பக்கம் பாட்டியை 'ஆச்சி' என்போம். மராத்தியில் 'ஆஜி'. எதிர் வீட்டு அம்மையாரை மகன் அப்படித்தான் அழைப்பான். ஒன்றேகால் வயதில் திரையில் தெரிந்த என் அம்மாவை அவன் 'ஆஜி' என்று அழைத்தபோது அவர் முகம் வாடியதைப் பார்த்தேன். சென்ற கோடையில் அம்மா இங்கு வந்து, எதிர் வீட்டுக் கூடத்தில் இருவரும் மொழி தெரியாமலே பூண்டு உரித்துக்கொண்டு பொழுதைக் கழித்த பிறகு அந்த வருத்தம் தீர்ந்தது. இப்போது ஊரிலிருந்து வரும் பார்சலில் கருப்பட்டி இரண்டு பொட்டலமாக இருக்கும். ஒன்றின் மேல் 'ஆஜிக்கு' என்று அம்மாவே எழுதி அனுப்புகிறார்.