வீட்டுப் பூசணத்தால் ஒரு குடும்பமே தொடர்ந்து நோய்வாய்ப்படுமா?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது இது: வீட்டுச் சுவர்களில் பூசணம். தனக்கும் மகனுக்கும் மாதக்கணக்கில் இருமல், மூக்கடைப்பு. கணவருக்கு மட்டும் ஒன்றுமில்லை, அவர் "எல்லாம் உன் மனப்பிரமை" என்கிறார். பூசணத்தால் உண்மையிலேயே இப்படி நோய் வருமா?

வரும். எங்கள் வீட்டில் அந்தக் கணவர் நான்தான்.

நாங்கள் நான்கு பேர். அம்மா, மனைவி, அப்போது ஆறு வயதான மகள், நான். தரைத்தளத்தில் வாடகை வீடு. குடிபோன சில மாதங்களில் மகளுக்குச் சளி பிடித்தது, பிடித்த சளி விடவே இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வாங்கிவருகிறாள் என்று நினைத்தோம். மருந்து கொடுத்தால் நாலு நாள் தேவலை, அப்புறம் மறுபடி இருமல். நடு ராத்திரியில் மூச்சோடு மூச்சாக விசில் சத்தம் கேட்கும். மனைவிக்குக் காலையில் எழுந்ததும் முகமெல்லாம் பாரமாக இருக்கும். அம்மாவுக்கு ஒரே வருடத்தில் மூன்று முறை நெஞ்சுச் சளி என்று ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். "இந்த ரூம்ல படுத்தா நெஞ்சை அமுக்குற மாதிரி இருக்குடா" என்று அம்மா எத்தனையோ முறை சொன்னார். "வயசாகுதும்மா" என்பதுதான் என் பதில். எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. அதே வீடு, அதே காற்று, நான் நன்றாகத்தானே இருக்கிறேன் என்பது என் வாதம். இதைவிட மோசமான வாதம் இருக்க முடியாது என்று இப்போது தெரிகிறது. அப்போது அது அசைக்க முடியாத சான்றாகத் தெரிந்தது.

குழந்தை மருத்துவர் சொன்னதால் மனைவி ஒரு நோட்டில் மகளின் இருமலைக் குறித்து வந்தாள். தேதி, நேரம், நெபுலைசர் வைத்தோமா இல்லையா, அவ்வளவுதான். ஒரு விடுமுறைக்குப் பன்னிரண்டு நாள் வெளியூரில் இருந்தோம். திரும்பி வந்த மூன்றாம் நாள் காலை, எதுவும் சொல்லாமல் அந்த நோட்டைத் திறந்து என் முன்னால் வைத்தாள். பன்னிரண்டு தேதிகள், எதிரே ஒன்றுமே இல்லை. அதற்குக் கீழே அவள் கையெழுத்தில் "2.20, வீசிங், நெபு". நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இட மாற்றம்னா உடம்புக்கு நல்லதுதானே." சமாளிப்பதற்கு மனிதனுக்கு வார்த்தைக்கா பஞ்சம்.

மகளின் கம்மல் ஒன்று உருண்டு அலமாரிக்குப் பின்னால் போனதால்தான் அந்த அலமாரியை இழுத்தேன். குடிவந்த நாளிலிருந்து குளியலறைச் சுவரை ஒட்டியே நின்றிருந்தது. நகர்ந்ததும் முதலில் வாடைதான் வந்தது, மழையில் நனைந்து மூட்டை கட்டிப்போட்ட பழைய புத்தகங்களின் வாடை. சுவரில் முழங்கால் உயரம்வரை சாம்பலும் பச்சையுமாக வெல்வெட் போலப் படர்ந்திருந்தது, நடுநடுவே கறுப்புப் புள்ளிகள். அலமாரியின் பின்பலகை ஈர அட்டை மாதிரி கையோடு பிய்ந்து வந்தது. அம்மாவின் கட்டில் அந்த இடத்திலிருந்து நாலடி.

அப்போதாவது புத்தி வந்ததா என்றால், பாதிதான். பிளீச்சிங் கரைசலை அடித்துத் தேய்த்தேன், காய்ந்ததும் மேலே பெயின்ட் அடித்தேன். பளிச்சென்று ஆகிவிட்டது. இரண்டு மாதத்தில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, அடியில் பழையபடி பூத்திருந்தது. பூசணத்தை எதிரி என்று நினைத்தால் இதுதான் நடக்கும். சுவருக்குள் தண்ணீர் இருக்கும்வரை அது வந்துகொண்டேதான் இருக்கும். நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய்ந்துவிட்டால் பெரும்பாலும் பூசணம் பிடிக்காது. காயாவிட்டால் காகிதம், மரம், பெயின்ட், தூசு எதுவானாலும் அதற்குத் தீனிதான். இன்னொன்று, பிளீச் அதைக் கொன்றாலும் செத்த பூசணமும் ஒவ்வாமையைக் கிளப்பும். கொன்றால் போதாது, அகற்ற வேண்டும்.

என் வாயை அடைத்தவர் நுரையீரல் மருத்துவர். நாலாவது முறை அம்மாவுக்குக் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வந்தபோது அவரிடம் போனோம். ஸ்டெதஸ்கோப்பை வைப்பதற்கு முன்பே கேட்டார்: "வீட்ல புறா, கிளி ஏதாவது வளர்க்கிறீங்களா? சுவர்ல ஓதம், ஈரக்கசிவு ஏதாவது இருக்கா?" அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்னும் மறக்கவில்லை. சி.டி. ஸ்கேனுக்குப் பிறகு ஹைப்பர்சென்சிடிவிட்டி நிமோனைடிஸ் என்றார். கிருமித் தொற்று இல்லை. பூசணத் துகளையோ பறவைகளின் எச்சம், இறகுத் தூசியையோ தொடர்ந்து சுவாசிப்பதால், சிலருக்கு மட்டும் நுரையீரலின் நுண்ணறைகளில் வரும் அழற்சி. ஆன்டிபயாட்டிக் இதற்கு எதுவும் செய்யாது. காரணத்திலிருந்து விலகுவதுதான் முதல் மருந்து, ஸ்டீராய்டு அதற்குத் துணை. தாமதமானால் நுரையீரலில் தழும்பு விழும், விழுந்த தழும்பு மறையாது. அம்மாவுக்குக் கொஞ்சம் விழுந்திருந்தது.

மகளுக்குத் தோலில் ஊசிமுனையால் கீறிப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனை செய்தார்கள். தூசுப்பூச்சிக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூசணத்துக்கும் கை தடித்தது. ஆஸ்துமா என்று பெயர் வைத்தார்கள். மனைவிக்கு ஒவ்வாமையால் வரும் மூக்கழற்சி. எனக்கு ஒன்றுமில்லை. ஏன் என்று கேட்டேன். ஒவ்வாமை உடம்புக்கு உடம்பு மாறும் என்றார் மருத்துவர். பூசண வித்துகள் பெரும்பாலும் 2 முதல் 10 மைக்ரான் அளவு, ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பெரியவை மூக்கிலேயே தங்கிவிடும், சின்னவை நுரையீரலின் அடிவரை போகும். எல்லார் உடம்புக்குள்ளும்தான் போகின்றன, எல்லார் உடம்பும் சண்டைக்குப் போவதில்லை. உங்கள் கணவரிடம் இதை மட்டும் சொல்லுங்கள்: அவர் நன்றாக இருப்பது அவர் உடம்பைப் பற்றிய செய்தி, வீட்டைப் பற்றிய செய்தி அல்ல.

மனப்பிரமை என்றாரே, அதற்கும் பதில் இருக்கிறது. அமெரிக்காவின் மருத்துவக் கழகம் (Institute of Medicine) 2004-லும் உலக சுகாதார நிறுவனம் 2009-லும் ஓதமான வீடுகளைப் பற்றித் தனித்தனி அறிக்கைகளே வெளியிட்டன. இருமல், இளைப்பு, ஆஸ்துமா முற்றுதல் ஆகியவற்றுக்கும் ஓதத்துக்கும் தொடர்பு உண்டு என்பது அவற்றில் தெளிவாக இருக்கிறது. அதே சமயம், இணையத்தில் சொல்வதுபோல உலகத்து நோயெல்லாம் பூசணத்தால் வருவதில்லை. நான் நம்ப ஆரம்பித்ததும் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டேன். கறுப்புப் பூசணம் ஆளைக் கொல்லும் என்று படித்துப் படித்து ஒரு மாதம் தூங்கவில்லை. நிறத்தை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. அது என்ன வகை என்று கண்டுபிடித்தாலும் செய்ய வேண்டியது மாறப்போவதில்லை. காற்றை மாதிரி எடுத்துச் சோதிக்க ஒருவரைக் கூப்பிட்டேன், எண்கள் நிறைந்த தாள் ஒன்று கிடைத்தது. எத்தனை வித்துகள் வரை பாதுகாப்பு என்று அதிகாரபூர்வ வரம்பே கிடையாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. சிறுநீரில் பூசண நஞ்சு தேடும் சோதனைகளையும் விற்கிறார்கள். நல்லவேளை, மருத்துவர் தடுத்துவிட்டார்.

சரி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இதில்தான் நேரத்தைச் செலவிட்டிருக்க வேண்டும். ஒரு ராத்திரி எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரில் எண்ணைக் குறித்துக்கொண்டேன். காலையில் எண் நகர்ந்திருந்தது. குளியலறைச் சுவருக்குள் புதைத்த குழாயில் ஊசிமுனைக் கசிவு. பிளம்பர் காரையை உடைத்தபோது உள்ளே செங்கல் கறுத்துப்போயிருந்தது. மகள் படுக்கும் மூலையில் சங்கதி வேறு. அங்கே அலுமினியத் தாள் ஒன்றைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி இரண்டு நாள் விட்டேன். தாளின் அடியில் ஈரம் இருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது, மேல்பக்கம் வியர்த்திருந்தால் அறைக் காற்றின் ஈரம் படிகிறது என்று அர்த்தம். மேல்பக்கம்தான் வியர்த்திருந்தது. ஈரத்துணியை அறைக்குள் காயப்போடுவது, குளியலறைக் கதவைத் திறந்தே வைப்பது, இருமல் வருகிறதே என்று ஜன்னலை மூடுவது. அதிலும் அந்த மூடிய ஜன்னல்! குழந்தைக்குக் குளிர்காற்று படக் கூடாதென்று நாங்களே பூசணத்தை வளர்த்திருக்கிறோம். சின்ன ஈரப்பதமானி ஒன்று வாங்கி வைத்தேன், 78 சதவீதம் காட்டியது. 60-க்கு மேல் போகக் கூடாது, 50-க்குள் இருந்தால் நல்லது.

வீட்டு உரிமையாளர் குழாயைச் சரிசெய்தார், ஊறிய சுவரைத் தொடவில்லை. "நீங்க ஜன்னலே திறக்கிறதில்ல" என்றார். பாதி உண்மை என்பதால் பதில் பேச முடியவில்லை. பிரிட்டனில் 2020-ல் பூசணம் பிடித்த குடியிருப்பில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. அங்கேயும் குடும்பத்தின் வாழ்க்கைமுறைதான் காரணம் என்று முதலில் கைகாட்டினார்கள். நீடித்த பூசணமே காரணம் என்று 2022-ல் மரண விசாரணை சொன்னது, அடுத்த ஆண்டு சட்டமே வந்தது. இதைப் படித்த அன்றுதான் வீடு மாறுவதென்று முடிவெடுத்தோம். எல்லாராலும் மாற முடியாது, அது எனக்குத் தெரியும்.

மாற முடியாதவர்கள் சுத்தம் செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். நோயாளிகள் அன்றைக்கு வீட்டிலேயே இருக்கக் கூடாது. காய்ந்த பூசணத்தைத் துடைப்பத்தால் தட்டினால் அறை முழுவதும் பறக்கும், அதனால் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் துடைக்க வேண்டும். என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். பிளீச்சோடு ஆசிட்டையோ அம்மோனியா கலந்த திரவத்தையோ சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும். பூசணம் ஏறிய மெத்தை, தலையணை, பிளைவுட் எதையும் காப்பாற்றப் பார்க்காதீர்கள். ஒரு சதுர மீட்டருக்கு மேல் படர்ந்திருந்தால் ஆள் வைத்துச் செய்வது நல்லது. இத்தனையும் கசிவை அடைத்த பிறகுதான்.

புது வீட்டுக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. மகள் பெரும்பாலும் நன்றாக இருக்கிறாள், தடுப்பு இன்ஹேலரை இன்னும் விடவில்லை, காலநிலை மாறினால் இளைப்பு வருகிறது. அம்மா ஒரு மாடி ஏறினால் நின்று மூச்சு வாங்கித்தான் மேலே வருவார். ஆறு மாதத்துக்கொருமுறை ஊதிப் பார்க்கும் சோதனை. எண் அப்படியே நிற்கிறது, குறையவில்லை, அதையே நல்ல செய்தி என்கிறார் மருத்துவர். மனைவி அந்த நோட்டைப் பற்றி ஒருமுறைகூடச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுடா, ஜன்னலைத் திற" என்றார்.

இந்த வீட்டைப் பார்க்க வந்த அன்று அம்மாவைத்தான் முதலில் உள்ளே போகச் சொன்னோம். ஒவ்வோர் அலமாரியையும் திறந்து, தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தார். தரகர் ஒரு மாதிரி பார்த்தார். இதற்கு முன் இரண்டு வீடுகளை அந்த மூக்கு கழித்துவிட்டிருந்தது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் நீங்களும் மகனும் மருத்துவரைப் பாருங்கள், வீட்டில் ஓதம் இருப்பதை நீங்களாகவே சொல்லுங்கள், எல்லாரும் கேட்க மாட்டார்கள். மாதக்கணக்கில் இருமல் வர வேறு காரணங்களும் இருக்கலாம், அதையும் பார்த்துவிட வேண்டும். இன்றிலிருந்து நோட்டில் எழுத ஆரம்பியுங்கள், வீட்டில் இல்லாத நாட்களையும் சேர்த்து. கணவரோடு வாதாட வேண்டாம், என்னிடம் வாதாடி யாரும் ஜெயிக்கவில்லை. வெளிச்சுவரையோ குளியலறைச் சுவரையோ ஒட்டி நிற்கும் பெரிய அலமாரி எது என்று பார்த்து, அதைக் கொஞ்சம் நகர்த்தித் தரச் சொல்லுங்கள். நீங்களும் மகனும் அந்த நேரம் வெளியே போய்விடுங்கள்.