வால்ட்மைஸ்டர் பால்கனியில் ஏன் கருகுகிறது?

கேள்வி: ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரில் வசிக்கிறோம். ஊரை ஒட்டிய பீச் (beech) மரக் காட்டில் வால்ட்மைஸ்டர் என்ற வாசனைச் செடி நிறைய இருக்கிறது என்கிறார்கள். போய்ப் பார்த்தால் ஒரே சாயலில் இரண்டு மூன்று செடிகள் இருக்கின்றன. எது சரியானது? சென்ற மே மாதம் ஒரு தொட்டி வாங்கித் தெற்குப் பார்த்த பால்கனியில் வைத்தேன். தினமும் தண்ணீர் விட்டும் ஜூலைக்குள் கருகிவிட்டது. பிள்ளைகளுக்கு இதில் பானம் செய்து தரலாமா?

பதில்: இந்தச் செடி காட்டில் எங்கே நிற்கிறது என்பதைக் கொஞ்சம் கவனித்தால், பால்கனியில் ஏன் செத்தது என்பது விளங்கிவிடும். அதனால் காட்டிலிருந்தே தொடங்குகிறோம்.

வால்ட்மைஸ்டரின் தாவரவியல் பெயர் கேலியம் ஓடராட்டம். காபி, இட்லிப்பூ, நுணா எல்லாம் சேர்ந்த ரூபியேசி குடும்பம்தான் இதற்கும். உயரம் 10 முதல் 30 செ.மீ. வரை. தண்டைச் சுற்றி ஒரே மட்டத்தில் 6 முதல் 9 இலைகள், குடைக்கம்பிகள் விரிந்ததுபோல நிற்கும். இவற்றில் உண்மையான இலைகள் இரண்டே இரண்டு. இட்லிப்பூச் செடியில் எதிரெதிராக நிற்கும் இரண்டு இலைகளுக்கு நடுவே, தண்டோடு ஒட்டி ஒரு சின்ன முக்கோணச் செதில் இருக்குமே, அந்த இலையடிச் செதில்தான் கேலியம் இனங்களில் இலை அளவுக்கு வளர்ந்து இலையாகவே வேலை செய்கிறது. சரிபார்க்க எளிய வழி உண்டு: ஒரு கணுவில் எத்தனை இலை இருந்தாலும் கிளை விடுவது இரண்டின் கக்கத்திலிருந்து மட்டும்தான். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மஞ்சிட்டிக் கொடியில் கணுவுக்கு நான்கு இலை இருப்பதும் இதே ஏற்பாடுதான்.

இப்போது அடையாளம். தண்டை விரல்களுக்கிடையே உருட்டுங்கள். வால்ட்மைஸ்டரின் தண்டு நான்கு விளிம்புள்ளது, வழவழப்பானது. கணுவுக்குச் சற்றுக் கீழே மட்டும் மெல்லிய மயிர் வளையம் தெரியும். இலை ஓரத்திலுள்ள நுண்முட்கள் நுனியை நோக்கியிருப்பதால், நுனியிலிருந்து அடிப்பக்கமாக விரலை இழுத்தால் சொரசொரக்கும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை நான்கு இதழுள்ள சிறு வெள்ளைப் பூக்கள் வரும். பூவின் அடி குழலாக நீண்டு, புனல்போல இருக்கும்.

நீங்கள் குழம்பியது பெரும்பாலும் கேலியம் சில்வாட்டிக்கம் என்ற உறவுச் செடியோடுதான். அதுவும் அதே காட்டில்தான் வளர்கிறது. ஏப்ரலில் இளந்தளிராக இருக்கும்போது அனுபவசாலிகளே ஏமாறுவதுண்டு. அதன் தண்டு ஏறக்குறைய உருண்டை, இலையில் நீலச்சாயல், வளர்ந்தால் இடுப்பளவு போகும். பூவுக்குக் குழல் இல்லை; தட்டையாக விரியும், அதுவும் கோடையில்தான். இன்னொன்று கேலியம் அபாரினே. தொட்டவுடன் துணியில் ஒட்டிக்கொள்வதால் அதைப் பிரித்தறிவது சுலபம்.

இறுதிச் சோதனை மூக்குதான், ஆனால் பறித்தவுடன் முகர்ந்து பயனில்லை. பச்சைச் செடியில் வாசனை மிகக் குறைவு. அந்த மணத்துக்குக் காரணமான கூமரின், பச்சை இலையில் சர்க்கரையோடு பிணைந்து கிடக்கிறது. இலை வாடி செல்கள் உடையும்போதுதான் நொதி அந்தப் பிணைப்பை அறுத்து மணத்தை வெளியே விடுகிறது. இரண்டு தண்டை ஒரு காகிதத்தில் மடித்து வைத்து, சில மணி நேரம் கழித்துத் திறந்து பாருங்கள். புது வைக்கோலும் வெனிலாவும் கலந்த மணம் வந்தால் அது வால்ட்மைஸ்டர்.

உங்கள் ஊருக்குக் கிழக்கே உள்ள காடு சுண்ணாம்புப் பாறை மேல் நிற்கிறது. இந்தச் செடிக்கு அது நல்ல இடம். அங்கே உதிரும் பீச் இலைகளை மண்புழுக்கள் உள்ளே இழுத்து, சருகும் மண்ணும் கலந்த பொலபொலப்பான மட்காக மாற்றுகின்றன. அமில மணற்பாறை மேலுள்ள பீச் காடுகளில் சருகு மட்காமல் அடை அடையாகக் கிடக்கும். அங்கே தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992ஆம் ஆண்டு வாழிடப் பாதுகாப்பு நெறிமுறையில் 9130 என்ற எண்ணில் வரும் பீச் காட்டு வகைக்கு இந்தச் செடியின் பழைய பெயரான அஸ்பெருலாவையே சூட்டியிருக்கிறார்கள். அந்த மண்ணோடு இதற்குள்ள பிணைப்பு அவ்வளவு நெருக்கமானது.

இதன் மட்டநிலத்தண்டு நூல்போல மெல்லியது. சருகுக்கும் மண்ணுக்கும் இடையே, மேல்மட்டத்தில் சில சென்டிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே படர்கிறது. தொட்டியில் முதலில் சூடாகிக் காய்வதும் அந்த மேல்மண்தான். காலையில் நீங்கள் விட்ட தண்ணீர் அடியில் நின்றிருக்கும். மதியத்துக்குள் மேல்பரப்பு உலர்ந்திருக்கும். இலையோ அடர்நிழலுக்கென்றே அமைந்த மெல்லிய இலை, ஜூலை மாத நேர்வெயிலைத் தாங்காது. தண்ணீரைக் கூட்டியிருந்தால் அழுகல் சேர்ந்திருக்குமே தவிரச் செடி பிழைத்திருக்காது.

மறுபடி வைக்கும்போது வடக்கு அல்லது கிழக்குப் பார்த்த இடமாகத் தேர்ந்தெடுங்கள். ஆழத்தைவிட அகலம் முக்கியம்: 30 முதல் 40 செ.மீ. அகலமும் 15 முதல் 20 செ.மீ. ஆழமும் போதும். பாதி தோட்டமண், பாதி இலைமட்கு. மார்ச்சிலோ செப்டம்பர், அக்டோபரிலோ, இரண்டு மூன்று கணுக்கள் உள்ள மட்டநிலத்தண்டுத் துண்டுகளை 2 முதல் 3 செ.மீ. ஆழத்தில் படுக்கவைத்து மூடுங்கள். மேலே இரண்டு விரற்கடை அளவு பீச் சருகைப் போடுங்கள். இந்தச் சருகை மட்டும் விட்டுவிடாதீர்கள். பலர் சுத்தமாக இருக்கட்டும் என்று அதைப் பெருக்கி எடுத்துவிட்டுச் செடியை இழக்கிறார்கள். உரம் தேவையில்லை. தோட்டத்து மரத்தடியில் நட்டால் 20 முதல் 25 செ.மீ. இடைவெளி விடுங்கள், சில ஆண்டுகளில் பாய்போல மூடிவிடும். விதையிலிருந்து வளர்ப்பதைத் தவிர்ப்பது நல்லது. குளிர்காலத்தைக் கடக்காமல் முளைக்காது. கடந்த பிறகும் சிலசமயம் இன்னொரு வருடம் காக்க வைக்கும். நாற்றுக்காகக் காட்டில் தோண்டவும் கூடாது. பாதுகாப்புப் பகுதிக்கு வெளியே, சொந்தத் தேவைக்குக் கைப்பிடி அளவு தழை பறிக்கத்தான் ஜெர்மன் சட்டம் இடம் தருகிறது. பறிக்கும்போது வேர் வராதபடி கத்தரியால் வெட்டுங்கள். வீடு திரும்பியதும் கால்களில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்.

பானத்துக்குப் பூக்கும் முன் பறித்த தழைதான் ஏற்றது. கழுவி, சில மணி நேரம் வாடவிட்டு, ஒரு லிட்டருக்கு 3 கிராம் பச்சைத்தழை என்ற அளவில் நூலில் கட்டி, வெட்டுமுனை திரவத்தில் படாமல் அரை மணி நேரம் தொங்கவிட்டு எடுத்துவிடுவார்கள். இந்த அளவில் லிட்டருக்குச் சுமார் 5 மி.கிராம் கூமரின் இறங்கும். உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மி.கிராம் என்பதே ஐரோப்பாவில் வகுத்துள்ள தினசரி வரம்பு. அதைத் தாண்டினால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்படலாம். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு இது 2 மி.கிராம், அதாவது இரண்டு டம்ளர் பானத்திலேயே நிறைந்துவிடும். நாம் சமையலில் போடும் சாதாரணப் பட்டையிலும் கூமரின் கணிசமாக இருப்பதால், அன்றைக்குப் பிரியாணியும் சேர்ந்தால் கணக்கு மீறும். பெரியவர்கள் எப்போதாவது ஒரு டம்ளர் குடிப்பதில் தவறில்லை. பிள்ளைகளுக்கு வேண்டாம் என்றே சொல்வோம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் கல்லீரல் நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தொடவேண்டாம்.

மணம்தான் வேண்டுமென்றால் தழையை நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டி பீரோவில் வையுங்கள். பல மாதம் மணக்கும். பூஞ்சை பிடித்த தழையைத் தூக்கி எறிந்துவிடுங்கள், பானத்தில் போடவே கூடாது: பூஞ்சை கூமரினை டைகூமராலாக மாற்றும், அது ரத்தம் உறைவதைத் தடுக்கும். பூஞ்சை பிடித்த மெலிலோட் தீவனத்தைத் தின்ற வட அமெரிக்க மாடுகள் 1920களில் ரத்தப்போக்கில் இறந்ததற்கு இதுதான் காரணம்.