கிளாஸ்கோ புறநகரில் ஒரு பள்ளிக்கூடம்: வாசகர் கேள்விகள்

(கிளாஸ்கோ நகரை ஒட்டிய அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றின் அறிவியல் கூடத்தில் 14 வருடமாக டெக்னீஷியனாக இருக்கும் நம் வாசகி பதில் சொல்கிறார்.)

கேள்வி: என் மகள் குடும்பம் கிளாஸ்கோ பக்கம் பேர்ஸ்டென் என்ற இடத்தில் வீடு தேடுகிறது. பேரனுக்கு 11 வயது. அங்கே உள்ள பள்ளியின் பெயர் பேர்ஸ்டென் அகாடமியாம். தனியார் பள்ளி மாதிரி தெரிகிறதே, ஃபீஸ் கட்டி மாளுமா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: ஒரு பைசா வேண்டாம் ஐயா. ஸ்காட்லாந்தில் அகாடமி என்பது வெறும் பெயர்தான். உள்ளாட்சி அமைப்பான கவுன்சில் நடத்தும் அரசுப் பள்ளிதான் அது. (இங்கிலாந்தில் அதே சொல்லுக்கு அர்த்தமே வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு வருகிற ஆட்கள் நிறைய.)

ஃபீஸ் இல்லையே தவிர, வீட்டு விலாசம் உண்டு. ஒவ்வொரு பள்ளிக்கும் இன்ன தெருக்கள் என்று எல்லை வகுத்திருக்கிறார்கள். ஒரே சாலையில் இந்தப் பக்கத்துப் பிள்ளை ஒரு பள்ளிக்கும் எதிர் வரிசைப் பிள்ளை இன்னொரு பள்ளிக்கும் போவது உண்டு. எல்லைக்கு வெளியே இருந்துகொண்டும் மனுப் போடலாம். மார்ச் 15-க்குள் போட்டால் ஏப்ரல் 30-க்குள் பதில் வரும். ஆனால் இடம் நிரம்பிவிட்டால் இல்லை என்பார்கள். அதனால் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே அந்த விலாசம் எந்தப் பள்ளிக்குப் போகிறது என்று கவுன்சிலில் கேட்டுவிடச் சொல்லுங்கள்.

பேரன் பாட்டு, வாத்தியம் என்று இருக்கிறவனா? பக்கத்து ஊரில் டக்ளஸ் அகாடமிக்குள்ளேயே அரசு இசைப் பள்ளி ஒன்று இருக்கிறது. அதற்கு மட்டும் ஸ்காட்லாந்து முழுவதிலிருந்தும் வாசித்துக் காட்டித் தேர்வாகி வருகிறார்கள். அந்த ஊர்ப் பெயரை (Milngavie) எழுத்துக் கூட்டி மில்ன்கேவி என்று படித்தால் சிரிப்பார்கள். வாயால் சொல்வது மல்கை.

கேள்வி: ஸ்காட்லாந்துப் பள்ளிகளின் போட்டோவில் ஒரே கண்ணாடிக் கட்டடமும் பச்சை மைதானமுமாக இருக்கிறது. இந்த வசதியெல்லாம் பிள்ளைகள் கைக்கு வருமா, இல்லை பூட்டித்தான் வைத்திருப்பார்களா?
– வாசகி, கோவை

பதில்: நல்ல கேள்வி கேட்டீர்கள் அம்மா. நான் படித்த பள்ளியில் ஆய்வகச் சாவி தலைமையாசிரியை இடுப்பில் தொங்கும். பிப்பெட்டை நான் முதன்முதலில் தொட்டது பிளஸ் டூ அரையாண்டுக்கு அப்புறம்.

இங்கே ஆகஸ்ட் நடுவில் பள்ளி திறக்கும். இரண்டாவது வாரமே என் தள்ளுவண்டி கிளம்பிவிடும்: பத்து பன்சன் பர்னர், பத்து தீத்தாங்கும் அட்டை, கண்ணைக் காக்கும் கண்ணாடி இருபது. இருபதுக்கு மேல் தேவையே படாது. கணக்கு வகுப்பில் 33 பேர் வரை உட்காரலாம். செய்முறை வகுப்பு என்றால் 20-தான் உச்சவரம்பு. ஆசிரியர்களின் பணி ஒப்பந்தத்திலேயே அப்படி இருக்கிறது. எஸ் 1 என்கிற முதல் வருடப் பிள்ளைகள், பதினொன்று பன்னிரண்டு வயது, பர்னருக்கு 'லைசென்ஸ்' எடுக்க வேண்டும். காற்றுத் துளையை மூடினால் மஞ்சள் தீ, பளிச்சென்று தெரியும், அதனால் பாதுகாப்பு. திறந்தால் நீலத் தீ சீறும். வெளிச்சத்தில் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. இதைச் செய்து காட்டினால் ஆசிரியர் கையெழுத்திட்ட சின்ன அட்டை கிடைக்கும். போன வருடம் ஒரு பையன் அதை வீட்டில் லேமினேட் செய்து கொண்டுவந்து என்னிடம் நீட்டினான்.

சமையல் கூடம், மரவேலைப் பட்டறை எல்லாம் ஆண் பெண் பேதமில்லாமல் எல்லாருக்கும். வாத்திய வகுப்புக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. டிசம்பர் வந்தால் விளையாட்டுக் கூடத்தில் கேலி நடனம் சொல்லிக்கொடுப்பார்கள். கேலி என்றால் நம் கேலி இல்லை, ஊர்கூடி ஆடும் ஸ்காட்டிஷ் ஆட்டம். பையனும் பெண்ணும் கை கோக்க வேண்டுமே! வெட்கத்தில் ஸ்வெட்டர் கையை விரல் நுனி வரை இழுத்துவிட்டுக்கொண்டு, துணியைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

அந்தப் பச்சை மைதானம் புல் அல்ல, பிளாஸ்டிக். இந்த மழைக்கு நிஜப் புல் சேறாகிவிடும். சாயங்காலம் வெளிக் குழுக்கள் வாடகைக்கு எடுத்து ஆடும். நீச்சல் குளத்தை எதிர்பார்க்காதீர்கள், பெரும்பாலான பள்ளிகளில் கிடையாது.

கண்ணாடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இங்கே பல புதுக் கட்டடங்களைத் தனியார் கம்பெனிகள் கட்டிப் பராமரிக்கின்றன, கவுன்சில் பல வருடங்களுக்குப் பணம் கட்டிக்கொண்டே இருக்கும். நான் வேலை பார்க்கும் கட்டடமும் அப்படித்தான். சுவரில் ஒரு அலமாரி மாட்ட எழுதிக் கொடுத்து மூன்று மாதம் காத்திருந்தேன். வந்து மாட்டியது வேறு அறையில். 2016 ஜனவரியில் எடின்பரோவின் ஆக்ஸ்காங்ஸ் தொடக்கப் பள்ளியில் புயலுக்கு ஒன்பது டன் சுவர் விழுந்தது. பிள்ளைகள் வரும் முன் விழுந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. செங்கல் சுவரைப் பிடித்துநிறுத்தும் கம்பிகள் சரியாகப் பதிக்கப்படவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. அதே ஒப்பந்தத்தில் கட்டிய 17 பள்ளிகளை ஏப்ரலில் மூடிப் பழுது பார்த்தார்கள். எனவே பள்ளியைச் சுற்றிப் பார்க்கப் போனால் முகப்பைப் பார்க்காமல் பட்டறை மேசையில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். கீறல் இருந்தால் நல்ல பள்ளி.

கேள்வி: காலேஜும் இலவசம்தானே?
– வாசகர், மதுரை

பதில்: அங்கேதான் கவனம் வேண்டும். எஸ் 4 என்கிற நாலாவது வருடத்தில் நேஷனல் 5 என்ற பொதுத் தேர்வு, எஸ் 5-இல் ஹையர் தேர்வு, அதை வைத்துப் பல்கலைக்கழகம். ஸ்காட்லாந்தில் நிலையாகக் குடியிருப்பவர்களின் பிள்ளைகளுக்கு முதல் பட்டப்படிப்புக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. வேலை விசாவில் வந்த குடும்பத்துக்கு அது தானாகக் கிடைக்காது, விசா நிலையையும் எத்தனை வருடம் இருந்தீர்கள் என்பதையும் பார்ப்பார்கள். பிள்ளை எஸ் 5-க்கு வந்தபிறகு இதைக் கேட்டுத் தலையில் கை வைத்த வீடுகளை எனக்குத் தெரியும்.

கேள்வி: ஸ்கூல் பஸ்ஸுக்கு எவ்வளவு?
– வாசகி, ஈரோடு

பதில்: 22 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் அட்டை வாங்கிக்கொண்டால் ஊர் பஸ்ஸே இலவசம். 2022 ஜனவரி 31 முதல்.

கேள்வி: நாங்கள் சைவம். பிள்ளை மத்தியானம் என்ன சாப்பிடுவாள்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கேன்டீனில் சைவம் தினமும் உண்டு. மக்ரோனி சீஸ், சுட்ட உருளைக்கிழங்குமேல் பீன்ஸ், மறுபடி மக்ரோனி சீஸ். ஹைஸ்கூலில் இலவசச் சாப்பாடு வருமானத்தைப் பொறுத்துத்தான். எங்கள் பள்ளியில் பிள்ளைகளுக்கு மைக்ரோவேவ் கிடையாது, அதனால் ஆறினாலும் ருசிக்கிற எலுமிச்சை சாதம், புளியோதரை நல்லது. இரண்டு ஸ்பூன் வைத்து அனுப்புங்கள், பக்கத்து நாற்காலிப் பெண் நிச்சயம் கேட்பாள்.