சென்னைப் பஞ்சாங்கத்தின் சந்திர கிரகண நேரம் மொரிஷியஸுக்குப் பொருந்துமா?

அப்படியே பொருந்தாது, ஒன்றரை மணி நேரம் கழிக்க வேண்டும். நிலா பூமியின் நிழலுக்குள் நுழையும் கணம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான், கடிகாரம்தான் வேறு. 2025 செப்டம்பர் 7 முழு கிரகணத்தைப் பாருங்கள். பிடித்த நேரம் சென்னையில் இரவு 9.57, மொரிஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸில் 8.27. முழு மறைப்பு முடிந்தது சென்னையில் நள்ளிரவு தாண்டி 12.22, அதாவது 8ஆம் தேதி. இங்கே மொரிஷியஸில் அது 7ஆம் தேதி இரவு 10.52. பலர் சறுக்குவது இந்தத் தேதியில்தான்.

கழித்தால் மட்டும் போதாது, அந்நேரம் இங்கே நிலா உதித்திருக்கவும் வேண்டும். 2026 மார்ச் 3 கிரகணம் விடும் நேரம் சென்னையில் மாலை 6.47. உதிக்கும் நிலாவிலேயே கடைசித் துண்டு தெரியும். இங்கே அப்போது மணி 5.17, சூரியனே மறையவில்லை; நிலா ஏது?

பௌர்ணமிதோறும் ஏன் பிடிப்பதில்லை என்றும் கேட்டிருந்தீர்கள். நிலாவின் பாதை, பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்குச் சுமார் 5 பாகை சாய்ந்தது. நிலா இருக்கும் தொலைவில் பூமியின் கருநிழலின் (முழு இருள் பகுதியின்) அகலம் ஏறத்தாழ 9,000 கிலோமீட்டர்தான். நிலாவோ 30,000 கிலோமீட்டருக்கு மேலும் விலகிப் போகும். பெரும்பாலான மாதங்களில் நிழலுக்கு மேலேயோ கீழேயோ தப்பிவிடும்.

பஞ்சாங்கத்தின் பிறைப் படத்தையும் நம்பாதீர்கள். வளர்பிறை அஷ்டமி மாலையில் வெளிச்சப் பக்கம் சென்னையில் தெற்கே பார்த்தால் வலது. வடக்கே அண்ணாந்து பார்க்கும் நமக்குப் பெரும்பாலும் இடது.