கழலைக்குள்ளிருந்து வந்தது யார்? பெங்களூரு பூச்சி ஆர்வலர் கேள்வி பதில்

ஜெயநகர்: அண்ணா, இங்கிலாந்தில் இருக்கிற தங்கை காட்டு ரோஜாச் செடியில் சிவந்த பாசி உருண்டை மாதிரி இருந்த கழலையை (பூச்சியால் செடியில் வரும் வீக்கம்) பறித்து டப்பாவில் வைத்தாள். இப்போ மூன்று விதமான குளவி வந்திருக்கு, படம் அனுப்பியிருக்கேன். கழலையை உண்டாக்கினது எது?

பதில்: நிறத்தை விடுங்க, முதலில் முன் இறக்கையைப் பாருங்க. பத்து மடங்கு லென்ஸ் போதும்.

இறக்கையின் முன்னோரத்தில் கருந்திட்டு, நூல் போல நீண்ட உணர்கொம்பு இரண்டும் இருந்தால் ஆர்த்தோபெல்மா மீடியேட்டர். கழலையை உண்டாக்கிய குளவியின் புழுவைத் தின்று வளர்ந்த ஒட்டுண்ணி அது. திட்டு இல்லாமல், நரம்புகள் முன்னோரத்தில் ஒரே கோடாகச் சுருங்கி, உணர்கொம்பு முழங்கை மாதிரி மடிந்திருந்தால் சால்சிட் என்ற சிறு குளவிக் கூட்டம், அதுவும் ஒட்டுண்ணிதான். பச்சை மினுப்பும் பின்னால் நீண்ட முட்டையிடு குழலும் தெரிந்தால் அந்தக் கூட்டத்தில் டோரிமஸாக இருக்க வாய்ப்பு அதிகம்.

திட்டும் இல்லை, உணர்கொம்பில் மடிப்பும் இல்லை, இறக்கையில் நரம்புகள் சூழ்ந்த முக்கோண அறை தெளிவாக இருக்கிறது, வயிறு பக்கவாட்டில் தட்டை என்றால் கழலைக் குளவிகளின் சினிபிட் குடும்பம். பலரும் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். அந்த உருண்டைக்குள் சினிபிட் இரண்டு வகை இருக்கும். உண்டாக்கியது டிப்லோலெப்பிஸ் ரோசே: சுமார் 4 மி.மீ., தலையும் மார்பும் கறுப்பு, வயிறு செம்பழுப்பு, நுனி மட்டும் கறுப்பு. வயிற்றின் அடியில் கடைசித் தகடு கலப்பைக் கொழு மாதிரி கூராக நீட்டியிருக்கும். பெரிக்லிஸ்டஸ் பிராண்டி அதைவிடச் சிறியது. அதன் வயிற்றை ஒரே பெரிய தகடு கிட்டத்தட்ட முழுக்க மூடியிருக்கும். அதற்குத் தானாகக் கழலை உண்டாக்கத் தெரியாது. அடுத்தவள் கட்டிய கழலையில் குடியேறி அந்தத் திசுவைத் தின்னும்.

உங்கள் முதல் படம் டிப்லோலெப்பிஸ் பெண். ஆண் மிக அரிது. இரண்டாவது ஆர்த்தோபெல்மா. மூன்றாவதில் இறக்கை மடிந்திருக்கிறது, பக்கவாட்டில் எடுத்து அனுப்பச் சொல்லுங்க.

ஒன்று மட்டும்: உயிருள்ள கழலையைப் பெட்டியில் போட்டு இங்கே கொண்டுவர வேண்டாம். நம்ம தைல மரங்களை வாட்டிய லெப்டோசைபே இன்வாசா என்ற கழலைக் குளவி வெளியிலிருந்து வந்ததுதான்.

கோரமங்களா: கல்யாண முருங்கை இலைக்காம்பு வீங்கியிருக்கு. டப்பாவில் போட்டேன், பூஞ்சணம்தான் வந்தது.

பதில்: பிளாஸ்டிக் வியர்த்திருக்கும். காம்பின் அடியை ஈரப்பஞ்சில் சுற்றி, டப்பாவுக்குள் டிஷ்யூ விரித்து, வாயை வேட்டித் துணியால் கட்டுங்க. கொசுவலை வேண்டாம். வரப்போவது குவாட்ராஸ்டிகஸ் எரித்ரினே என்ற கழலைக் குளவி, ஒன்றரை மி.மீ.தான், நுழைந்து போய்விடும். ஒரு கழலைக்கு ஒரு டப்பா. செடி, இடம், தேதி மூன்றையும் பென்சிலில் எழுதி உள்ளேயே போடுங்க.

ஒயிட்ஃபீல்டு: ஜெயநகர் படம் மூன்றையும் பூச்சியின் பெயர் சொல்லும் ஆப்பில் போட்டேன் சார். மூன்றுமே டிப்லோலெப்பிஸ் என்றது. முதலில் வெளியே வந்ததுதானே உண்டாக்கினது?

பதில்: இரண்டும் தப்பு. படத்தின் மூலையில் கழலை தெரிகிறது. ரோஜாவில் பாசி உருண்டை என்றால் உண்டாக்கியது யார் என்று படத்தை வைத்தே சொல்லலாம், அதை ஆப்பும் சொல்லும். அதே பெயரை உள்ளேயிருந்து வந்த எல்லாவற்றுக்கும் ஒட்டக்கூடாது. ஒட்டுண்ணி முந்தியும் வரும், பிந்தியும் வரும், வரிசை சாட்சி ஆகாது.

ஒயிட்ஃபீல்டு: அப்போ படம் போட்டுப் பெயர் கேட்பதே வீணா?

பதில்: வீண் இல்லை. மி.மீ. அளவுகோல் பக்கத்தில் வைத்து, மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, விரித்த இறக்கை ஒன்று. கூடவே பூச்சியையும் ஸ்பிரிட்டில் வையுங்க. படத்தில் தெரியாத தகடு அதில் தெரியும்.

பசவனகுடி: புங்க இலையில் விரல் விரலாக முளைத்திருக்கு, என்ன குளவி?

பதில்: குளவி இல்லை, சிலந்திப்பேன்.

ஹெப்பால்: புங்க மரம், இலையில் பச்சை முளைகள்…

பதில்: மேலே பாருங்க.

மல்லேஸ்வரம்: குழந்தைக்கு உரைக்கிற மாசிக்காயில் ஓட்டை இருக்கே, புழு அரித்ததா?

பதில்: நல்ல கேள்வி. மாசிக்காய் காயே இல்லை, மேற்காசிய ஓக் மரத்தில் சினிபிட் குளவி உண்டாக்கிய கழலை. வட்டமான ஒற்றை ஓட்டை குளவி வெளியேறிய வழி. ஓட்டை இல்லாததில் டானின் அதிகம், அதனால்தான் கடையில் கனமானதாகப் பொறுக்குவார்கள். குழந்தைக்குக் கொடுக்கலாமா என்பதை டாக்டரிடம் கேளுங்க.

ஜே.பி. நகர்: பால்கனி ரோஜாவின் அடித்தண்டில் சொரசொரப்பான உருண்டை. டப்பாவில் வைக்கட்டுமா?

பதில்: வேண்டாம், பார்த்தால் பாக்டீரியாக் கட்டி மாதிரி இருக்கிறது. செடியை வேரோடு எடுத்துக் குப்பையில் போடுங்க, கத்தரியை ஸ்பிரிட்டில் துடையுங்க, அதே மண்ணில் ரோஜா வைக்காதீங்க.

எலெக்ட்ரானிக் சிட்டி: நான்கு மரத்துக் கழலைகளை ஒரே பாட்டிலில் வைத்தேன். பதினோரு பூச்சி. பெயர் சொல்லுங்க சார்.

பதில்: எது எதிலிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியாது, நான் எப்படிச் சொல்வது? ஒரு கழலைக்கு ஒரு டப்பா. திரும்பப் பறித்து வாங்க, பார்க்கலாம்.